கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, இறைக்க எது வழி? இலவச மின்சாரம், தட்கல், சூரிய மோட்டார், டீசல்: ஓர் ஒப்பீடு

"போர் போட்டாச்சு, தண்ணியும் வந்துடுச்சு. கரண்டுக்கு எழுதிக் குடுத்து வருசக்கணக்கா ஆகுது. சோலார் போட்டுடலாமா? தட்கல்ல பணம் கட்டலாமா? இல்ல டீசல் இஞ்சினை வச்சே ஓட்டிடலாமா?"

வாசகர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. கேட்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள். ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்பது அவர்களுக்கு வீட்டு நகை. தவறான இடத்தில் போட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. அதனால் "எல்லாமே நல்லதுதான், உங்கள் வசதியைப் பாருங்கள்" என்று நழுவாமல் கணக்கோடு பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இலவச இணைப்பு, தட்கல் (பணம் கட்டி முன்னுரிமையில் வாங்கும் இணைப்பு), சூரிய மோட்டார், டீசல் என்ற இந்த நான்கில் ஒன்றைப் பிடித்தால் மற்ற மூன்றையும் விட்டுவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இலவச மின் இணைப்புக்கு மின்வாரியத்தில் பெயரைப் பதிவு செய்து வைப்பது எல்லோரும் செய்ய வேண்டிய வேலை. அந்த இணைப்பு கைக்கு வரும் வரையுள்ள ஆண்டுகளில் தண்ணீரை எப்படி எடுப்பது என்பதில்தான் முடிவெடுக்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

சூரிய மோட்டார் விளம்பரங்களில் மானிய சதவீதம்தான் பெரிய எழுத்தில் இருக்கும். என் பட்டியலில் அது கடைசி. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை:

தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது. போர் எத்தனை அடி போட்டீர்கள் என்பதல்ல, கோடையில் மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. 5 எச்.பி. மோட்டார் நூறடியிலிருந்து விநாடிக்குச் சுமார் 6 லிட்டர் தரும் என்றால், முந்நூறு அடியிலிருந்து 2 லிட்டர்தான் தரும். அறுநூறு அடி என்றால் 1 லிட்டர்.

பயிருக்கு எவ்வளவு தண்ணீர், எந்த நேரத்தில். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரம் தண்ணீர் நிறுத்த ஒரு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக வேண்டும். நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் என்று வைத்தால், மழையையும் சேர்த்து ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர். சொட்டுநீரில் இருக்கும் தென்னைக்கு, மரத்துக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் வைத்தாலும் 70 மரத்துக்கு 7,000 லிட்டரில் முடிந்துவிடும். இந்த இரண்டு பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடும். வாய்க்கால் பாசனம் உள்ளவருக்குத் தண்ணீர் தட்டுப்படும் இருபது நாள் மட்டும் இறைப்பு இருக்கலாம். கிணற்றையே நம்பியிருப்பவருக்கு ஆண்டு முழுவதும் ஓடும்.

கையிலிருந்து எவ்வளவு, எத்தனை நாள் காத்திருக்க முடியும். காத்திருப்பதற்கும் விலை உண்டு. ஒரு போகம் தரிசு போட்டால் அந்த இழப்பும் செலவுக் கணக்கில்தான் வரும்.

இவற்றை நிரப்ப ஒரு சின்னச் சோதனை போதும். பக்கத்துக் காட்டில் உங்களுடையது போன்ற போர் இருந்தால், அங்கே 200 லிட்டர் டிரம்மைக் குழாய்க்குக் கீழே வைத்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 40 விநாடி என்றால் விநாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர், ஏக்கருக்கு ஓர் அங்குலம் நிறுத்த ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த ஒரு எண் கையில் இல்லாமல் எந்தக் கம்பெனிக்காரரிடமும் பேச உட்காராதீர்கள்.

## இலவச மின் இணைப்பு: சாதாரணப் பதிவு

இந்த இலவசம் சும்மா வந்ததில்லை. மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970-இல் கொங்கு நாட்டு விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். திருப்பூர் அருகே பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் உயிர்விட்டார்கள். விவசாயிகள் சங்கத்தின் நாராயணசாமி நாயுடு தலைமையில் தொடர்ந்த போராட்டங்களுக்குப் பிறகு, 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. இன்று மீட்டர் கட்டணம் என்ற கவலையே இல்லாமல் ஒரு விவசாயி மோட்டார் போடுகிறார் என்றால் அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

நீண்ட கால நோக்கில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆழமான போருக்கும் பொருந்தும், இரவிலும் ஓடும், ஓடும் செலவு பூஜ்யம். சிக்கல் காத்திருப்பில்தான். 2021-இல் காத்திருப்போர் பட்டியலில் நாலரை லட்சம் பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் 1 லட்சம் இணைப்புகளும், 2022 நவம்பரில் மேலும் 50,000 இணைப்புகளும் அறிவிக்கப்பட்டன. பட்டியல் நகர்ந்தது, ஆனால் தீரவில்லை. உங்கள் முறை எப்போது வரும் என்பது எந்த ஆண்டு, எந்தப் பிரிவில் பதிந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் மூன்று.

முதலாவது மோட்டார் எரிவது. லைனின் கடைசியில் இருக்கும் காட்டுக்கு வோல்டேஜ் குறைந்தே வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டார் போடும்போது இன்னும் குறையும். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுற்று (காயில்) எரிந்தால் ரீவைண்டிங் கூலி ஒருபக்கம், நீர்மூழ்கி மோட்டாரைப் போரிலிருந்து தூக்கி மறுபடி இறக்கும் கூலி இன்னொருபக்கம். ஆழம் கூடக் கூட இரண்டாவது கூலி முதலாவதைத் தாண்டிவிடும்.

இரண்டாவது இரவு. மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் ஊர்களில் இரவு முறை வந்தால் இரவில்தான் மடை திறக்க வேண்டும். பாம்பும் இருக்கும், வழுக்கும் வரப்பும் இருக்கும், தூக்கமும் போகும். இதற்கு ரூபாய்க் கணக்கு போட முடியாது. ஆனால் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் நிலத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறார் என்றால், என்னைப் பொறுத்தவரை இதுவே முடிவை மாற்றப் போதுமான காரணம்.

மூன்றாவது காகிதம். இணைப்பு சர்வே எண்ணோடு கட்டப்பட்டது. கூட்டுப் பட்டாவாக இருந்தால் மற்ற பங்காளிகளின் சம்மதம் வேண்டும். உங்கள் முறை வரும்போது தயார்நிலை கேட்டு மின்வாரியத்திலிருந்து கடிதம் வரும். குறித்த நாளுக்குள் பதில் கொடுக்காமல் விட்டால் பல ஆண்டு மூதுரிமை கையை விட்டுப் போகலாம். முகவரி மாறியிருந்தால், பதிந்தவர் இறந்துபோயிருந்தால், இன்றே பிரிவு அலுவலகத்துக்குப் போய்த் திருத்திக்கொள்ளுங்கள்.

யாருக்கு: எல்லோருக்கும், பதிவு என்ற அளவில். இதை மட்டும் நம்பிக் காத்திருப்பது, இப்போதைக்கு வேறு பாசன வழி உள்ளவருக்கு மட்டும்.

## தட்கல்: பணம் கட்டி முந்துவது

அறிவிப்பு வரும் காலத்தில், ஏற்கெனவே பதிந்து காத்திருப்பவர் ஒரே தவணையில் தொகையைக் கட்டினால் முன்னுரிமை கிடைக்கும். திட்டம் வந்தபோது வைத்த தொகை: 5 எச்.பி. வரை 2.50 லட்சம், 7.5 எச்.பி.க்கு 2.75 லட்சம், 10 எச்.பி.க்கு 3 லட்சம், 15 எச்.பி.க்கு 4 லட்சம். இணைப்பு வந்தபின் மின்சாரம் இதிலும் இலவசமே.

5-க்கும் 10-க்கும் இடையில் வித்தியாசம் 50,000 ரூபாய்தான் என்பதைக் கவனியுங்கள். ஆழமான போர் வைத்திருப்பவருக்கு இது சாதகம். 700 அடியிலிருந்து தண்ணீர் தூக்க 10 எச்.பி. தேவைப்படும் இடத்தில் சூரிய மோட்டார் கட்டுபடியாகாது, டீசல் கனவிலும் கட்டுபடியாகாது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் போர்கள் பல நூறு அடி இறங்கிவிட்டன. அங்கே வாழையோ பூவோ வைத்திருப்பவருக்குத் தட்கல்தான் என் முதல் பரிந்துரை.

மறைந்த செலவு வட்டி. 2.50 லட்சத்தை நகைக்கடனாக ஆண்டுக்கு 9 சதவீதத்தில் வாங்கினால் வட்டி மட்டும் 22,500 ரூபாய். இணைப்பு வரத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அந்த வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டார், பைப், கேபிள், பேனல் போர்டு எல்லாம் தனி. சாதாரண இணைப்பில் உள்ள வோல்டேஜ், இரவு முறைத் தொல்லைகள் தட்கலிலும் அப்படியே இருக்கின்றன. பணம் கட்டியதால் தனி லைன் வந்துவிடாது.

பலர் மறந்துபோகும் ஒன்றும் உண்டு. உங்கள் பதிவு எண் ஏறக்குறைய முறைக்கு வந்துவிட்ட நிலையில் தட்கல் கட்டுவது வீண். பட்டியலில் எங்கே நிற்கிறீர்கள் என்று ஈ.பி. ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே நகையை எடுங்கள்.

யாருக்கு: 300 அடியைவிட ஆழத்தில் நீர்மட்டம், ஆண்டு முழுவதும் பாசனம், பணப்பயிர், பட்டியலில் வெகுதூரம் பின்னால் இருப்பவர்.

## சூரிய மோட்டார்: மானியமும் வெயிலும்

மத்திய அரசு 2019-இல் தொடங்கிய பி.எம்.குசும் திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறை வழியாகக் கிடைக்கிறது. பொதுவாக 60 சதவீத மானியம். ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளுக்கு 70 சதவீதம். மானியத்தை உங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள். உங்கள் பங்கை நீங்கள் கட்ட, மீதி நிறுவனத்துக்குப் போகும். மொத்த விலை மூன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் பங்கு 1.40 லட்சம், அல்லது 1.05 லட்சம்.

தமிழ்நாட்டில் முன்பு 90 சதவீதம் வரை மானியம் கொடுத்த காலமும் உண்டு. "மறுபடி ஏறும், அப்போது வாங்கிக்கொள்ளலாம்" என்று காத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். இதுவரை போன திசை இறக்கம்தான். சதவீதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இந்த மோட்டார் ஓடுவதை ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தால் பாதி சந்தேகம் தீரும். காலை எட்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் மெலிதாக எட்டிப் பார்க்கும். பத்தரைக்கு மேல் வேகம் பிடிக்கும். பதினொன்றிலிருந்து இரண்டு வரை குழாய் நிறைந்து கொட்டும். நடுவில் ஒரு மேகம் கடந்தால் அந்த நிமிடமே பாதியாகும். நாலு மணிக்கு மேல் மறுபடி மெலியும். இதையெல்லாம் கூட்டினால் முழு வேகத்தில் ஐந்து மணி நேரம் ஓடியதற்குச் சமம். நூறடி நீர்மட்டத்தில் 5 எச்.பி.க்கு நல்ல வெயில் நாளில் சுமார் ஒரு லட்சம் லிட்டர் வரும். ஏக்கருக்கு ஓர் அங்குலம்.

இந்த மெதுவான இறைப்பு சில போர்களுக்கு நன்மையாகவே அமைகிறது. ஊற்று குறைவான போரில் கரண்டு மோட்டார் முழு வேகத்தில் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் அற்றுக் காத்து வாங்கும். சூரிய மோட்டார் காலையில் மெதுவாக ஆரம்பிப்பதால் ஊற்று ஈடுகொடுக்கும். தண்ணீர் அற்றால், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டி தானே நிறுத்திவிடும்.

சொட்டுநீரோடு சேர்த்தால் இதன் பலன் பலமடங்கு. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருக்கிறது. 600 அடி ஆழத்திலிருந்துகூட 5 எச்.பி. சூரிய மோட்டார் ஒரு நாளைக்குப் பதினெட்டாயிரம் லிட்டர் எடுக்கும் என்றால், சொட்டுநீரில் இரண்டரை ஏக்கர் தென்னைக்கு அது போதும். அதே தண்ணீரை வாய்க்காலில் விட்டால் கடைக்கோடி மரத்துக்கு எட்டவே எட்டாது.

குறைகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நாள் கணக்கில் மூட்டம் போட்டால் தண்ணீர் வராது. மழைக்காலம்தானே என்று விட்டுவிடலாம், ஆனால் மூட்டம் மட்டும் போட்டு மழை பொய்த்தால் கஷ்டம். 5 எச்.பி.க்கு 4,800 வாட் பேனல் வேண்டும், நிழல் விழாத ஒன்றிரண்டு சென்ட் இடம் போகும். தூசி படிந்தால் உற்பத்தி குறையும், அடிக்கடி துடைக்க வேண்டும். கேபிள் திருட்டு உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம் சர்வீஸ். கரண்டு மோட்டார் போனால் பக்கத்து டவுனில் பத்துக் கடை இருக்கிறது. கன்ட்ரோலர் போனால் நிறுவனத்தின் ஆள்தான் வர வேண்டும். ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குள் இருக்கும்போதே அவர் எத்தனை நாளில் வருகிறார் என்பதை, அதே நிறுவனத்திடம் வாங்கிய பக்கத்து ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். விலைப்பட்டியலில் இது தெரியாது.

மூதுரிமை விஷயத்தில் எச்சரிக்கை. சூரிய மோட்டார் எடுத்தால் இலவச இணைப்புக்கான பதிவை விட்டுத்தர வேண்டும் என்று விதி இருந்த காலமும் உண்டு. விண்ணப்பத்தோடு வைக்கும் ஒப்புதல் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் குறுவட்டம் (பிர்கா) நிலத்தடி நீர் அதிகமாக உறிஞ்சப்பட்ட பட்டியலில் இருந்தால் விண்ணப்பமே நிற்கலாம். அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

யாருக்கு: 300 அடிக்குள் நீர்மட்டம், சொட்டுநீர் அல்லது சிறு பரப்பு, லைன் இழுக்க முடியாத தூரத்துக் காடு, இரவில் போக ஆளில்லாத வீடு.

## டீசல்: கையில் இருக்கும் கடைசி வழி

உறிஞ்சி எடுக்கும் டீசல் இஞ்சின் தண்ணீருக்கு மேல் 25 அடிக்குள் இருக்க வேண்டும். அதனால் இது ஆற்றங்கரைக்கும், வாய்க்காலுக்கும், டெல்டாவின் பில்டர் பாயிண்டுக்கும் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) உரியது. 5 எச்.பி. இஞ்சின் மணிக்கு ஒரு லிட்டரைத் தாண்டிக் குடிக்கும், அதாவது சுமார் 100 ரூபாய். ஆண்டுக்கு 500 மணி நேரம் ஓட்டினால் 50,000 ரூபாய். ஐந்தே ஆண்டில் 2.50 லட்சம், தட்கலுக்குக் கட்டும் அதே தொகை. மூன்று ஆண்டு டீசல் காசில் சூரிய மோட்டாருக்கான உங்கள் பங்கு முடிந்துவிடும். டீசல் சில்லறையாகப் போவதால் இது தெரிவதில்லை.

ஜெனரேட்டர் வைத்து நீர்மூழ்கி மோட்டார் ஓட்டுபவர்களுக்கு இதைப்போல் இரண்டு மடங்கு செலவு. பயிர் வாடும்போது நாலு நாள் காப்பாற்ற மட்டும் அது.

இருந்தாலும் டீசலை ஒதுக்கிவிட முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டையில் மின்கம்பங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தபோது, பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்டு வரவில்லை. அப்போது இஞ்சின் வைத்திருந்தவரிடம்தான் தண்ணீர் இருந்தது.

யாருக்கு: ஆண்டுக்கு நூறு மணி நேரத்துக்குள் இறைப்பவர், குத்தகை நிலம் உழுபவர். குத்தகைக்காரருக்குப் பட்டா இல்லாததால் மற்ற மூன்று வழியும் நடைமுறையில் மூடியே கிடக்கிறது. இந்த அநியாயத்துக்கு அரசு இன்னும் பதில் சொல்லவில்லை.

## ஒரே பார்வையில்

| | சாதாரணப் பதிவு | தட்கல் | சூரிய மோட்டார் | டீசல் |
|---|---|---|---|---|
| முதலில் போகும் பணம் | குறைவு, மோட்டார் தனி | 2.50 முதல் 4 லட்சம், மோட்டார் தனி | விலையில் 30 அல்லது 40 சதவீதம் | இஞ்சின் விலை |
| மணிக்கு ஓடும் செலவு | இல்லை | இல்லை | இல்லை | சுமார் 100 ரூபாய் |
| தண்ணீர் கிடைக்கும் நேரம் | கரண்டு முறைப்படி, இரவும் சேர்த்து | அதே | வெயில் நேரம் மட்டும் | எப்போதும் |
| ஆழம் | எதுவும் | எதுவும் | 300 அடிக்குள் நல்லது | 25 அடிக்குள் |
| காத்திருப்பு | ஆண்டுகள் | அறிவிப்பைப் பொறுத்து | மாதங்கள் | இல்லை |
| பெரிய ஆபத்து | மூதுரிமை தவறுவது | வட்டி | சர்வீஸ் ஆள் வராதது | டீசல் விலை |

## முடிவெடுத்த பிறகு

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பட்டா அல்லது சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலரிடம் கிணறு இருப்பதற்கான சான்று, சிறு, குறு விவசாயி சான்று, ஆதார், வங்கிப் புத்தக நகல், தேவைப்பட்டால் சாதிச் சான்று. சிறு, குறு விவசாயி சான்றை முதலிலேயே வாங்கிவிடுங்கள். சொட்டுநீர் மானியமே அதனால் 75-லிருந்து 100 ஆகிறது.

மின் இணைப்புக்கு உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகம். சூரிய மோட்டாருக்கு வேளாண் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகம். சொட்டுநீருக்கு வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகம். மூன்றும் வெவ்வேறு துறை என்பதால், ஒன்றில் கேட்டு "எங்களுக்குத் தெரியாது" என்று சொன்னால் அத்தோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

குசும் திட்டத்தின் பெயரில் போலி இணையதளங்கள் நடமாடுகின்றன, மத்திய அரசே இதைப் பலமுறை எச்சரித்திருக்கிறது. பதிவுக் கட்டணம் என்று வாட்ஸ்அப்பில் பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். உங்கள் பங்குத் தொகையைக் கட்ட வேண்டிய நேரத்தில், எந்தப் பெயருக்கு எவ்வளவு என்பதை உதவிப் பொறியாளரிடம் நேரில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டே கட்டுங்கள்.